‘போர்க்கைதி’ என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு தகுதி வேண்டுமாம்!

‘போர்க்கைதி’ என்பது படித்தவர்களின் சொல். எங்க பாலசமுத்திரம் சேரியில் அந்தச் சொல்லை ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘சப்பான்காரன் புடிச்சுட்டுப் போயிட்டான்’ என்பார்கள். பட்டாளத்துக்குப் போய் சிங்கப்பூரில் சிக்கியவனுக்கும் அதே பேச்சுதான். மலாயாத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், சயாம் காட்டில் ரயில் ரோடு போட்டுச் செத்தவனுக்கும் அதே பேச்சுதான். நம்ம சனங்களின் வாய்மொழியில் இரண்டு பேருமே பிடிபட்டவர்கள். ஆனால் உலகத்தின் ஏட்டில் முதலாமவன் கைதி, இரண்டாமவன் கூலி. முதலாமவனுக்குச் சட்டம் உண்டு. இரண்டாமவனுக்கு ஒன்றும் கிடையாது. முதலாமவனும் சேரிக்காரனாக இருந்துவிட்டால், அவனுக்கிருந்த சட்டமும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கைதிக்குச் சில உரிமைகளைக் கொடுத்தது. பிடித்தவன் அவன் பெயரைப் பதிய வேண்டும். சோறு போட வேண்டும். வீட்டுக்குக் கடிதம் எழுத விட வேண்டும். செத்தால் அடையாளம் வைத்துப் புதைக்க வேண்டும். ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டது. ஆனால் முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை. எப்படியிருந்தாலும் அந்தச் சட்டத்தின் சாரம் ஒன்றுதான்: கைதி என்பவன் எண்ணப்பட வேண்டியவன். பிடித்தவனும் கணக்கு வைக்கணும், அனுப்பியவனும் கணக்கு வைக்கணும். எண்ணப்படுவது ஒரு உரிமை. ஊர்க் கணக்கில் பண்ணையாளாக மட்டுமே எண்ணப்பட்ட நமக்கு, அந்த உரிமையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். போன ஏப்ரல் 14 அன்று எங்க தெருப் பையன்கள் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் எங்க பெரிய தாத்தா பேரையும் போட்டு ஒரு பேனர் கட்ட நினைத்தார்கள். ‘நேதாஜி படை வீரர்’ என்று எழுதியிருந்தார்கள். பெரிய தாத்தா என்றால் என் தாத்தாவுக்கு அண்ணன். 1940இல் பட்டாளத்துக்குப் போய், 1946இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர். நான் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். ‘ஏண்ணே, போட்டா என்ன கொறைஞ்சு போச்சு? ஊர்த்தெருவுல எத்தனையோ பேருக்குத் தியாகின்னு போர்டு இருக்கு. நமக்குன்னு ஒண்ணு வேண்டாமா?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரபோலு என்ற சொல்

பெரிய தாத்தாவைப் பற்றி எங்களிடம் காகிதம் எதுவும் கிடையாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. நட்சத்திரம் போல ஒரு பதக்கம் இருந்ததாம். பஞ்ச காலத்தில் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு தூக்குப் போசி வாங்கினார்களாம். மிச்சமிருந்தது எங்க அப்பத்தாவின் வாய்மொழி மட்டும்தான். ‘எங்க மூத்தாரு பெங்களூர்ல பாலங்கட்டுற பட்டாளத்துல சேந்தாரு. சிங்கப்பூர்ல சப்பான்காரன் புடிச்சான். கப்பல்ல போட்டு ரபோலுக்குக் கொண்டுபோனான். அங்க மலை பொகைஞ்சுக்கிட்டே இருக்குமாம். அந்த மலையில பொந்து தோண்டச் சொன்னானாம். எலையும் கெழங்கும் தின்னே கெடந்தாராம். நம்ம ஏரோப்ளேன் போட்ட குண்டுலயே நம்ம ஆளுக செத்தாங்களாம்.’

‘ரபோலு’ என்பது ஏதோ ஜப்பான்காரத் துரையின் பேர் என்றுதான் வீட்டில் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ரபால். நியூ கினியாவுக்குக் கிழக்கே, நியூ பிரிட்டன் தீவில் உள்ள துறைமுகம். 1942 ஜனவரியில் ஜப்பானியர் அதைப் பிடித்துத் தென் பசிபிக்கில் தங்களின் பெரிய படைத்தளமாக ஆக்கினார்கள். ஊரைச் சுற்றி எரிமலைகள். நேச நாட்டு விமானங்கள் குண்டு போடப் போட, ஜப்பானியர் மலையைக் குடைந்து மைல்கணக்கில் சுரங்கம் போட்டார்கள். 1944இல் கப்பல் வரத்து அறுந்துபோன பிறகு கிழங்கு பயிரிட்டுத்தான் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். புகைகிற மலை, பொந்து, கிழங்கு, நம்ம ஏரோப்ளேன் என்று அப்பத்தா சொன்ன ஒவ்வொரு சொல்லும் வரைபடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியின் ஞாபகம், கரையான் தின்ற புத்தகத்தைவிட உறுதியாக இருந்திருக்கிறது.

ரபாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் மங்களூர்ப் பக்கத்து ஜான் பாப்டிஸ்ட் க்ராஸ்டா. திரும்பி வந்ததும் 1946இல் தன் அனுபவத்தை எழுதி வைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவர் மகன் ரிச்சர்ட் க்ராஸ்டாதான் அதைத் தேடி எடுத்துப் புத்தகமாக்கினார். அப்பா எழுதி வைத்திருந்தார், மகன் அச்சேற்றினார். அந்த வாய்ப்புக்கூட நமக்கில்லை. எழுதி வைக்க நம்ம ஆளுக்கு எழுத்து கிடைக்கவில்லை. யார் கொடுக்கவில்லை என்பதை இந்தப் பத்திரிகை படிக்கிற தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

எந்தப் படை, யாருடைய வீரன்?

இனி பேனர் விசயத்துக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் பெர்சிவல் சிங்கப்பூரில் சரணடைந்தார். 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை நிறுத்தி, வெள்ளை அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் ஆள் திரட்டத் தொடங்கியது. பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். பல ஆயிரம் பேர் மறுத்தார்கள். பழனி மலையடிவாரத்துச் சேரிக்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தால், தன் தலைவிதியைப் பற்றிப் பேசப்பட்டதில் எவ்வளவு அவனுக்கு விளங்கியிருக்கும்?

அந்த ஆண்டு டிசம்பரில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் தகராறு முற்றி, அவர் கைதானார், முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அதை மீண்டும் கட்டினார். இந்த இடைவெளியிலும் இதற்குப் பின்னும், ஐ.என்.ஏ.வில் இல்லாத கைதிகளைத்தான் பெரும்பாலும் ஜப்பானியர் கப்பலில் ஏற்றி நியூ கினியா, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்கு வேலையாட்களாக அனுப்பினார்கள். பெரிய தாத்தா ரபாலில் இருந்தார் என்றால், 1943க்குப் பிறகு அவர் போஸின் படையில் இல்லை. முதலில் சேர்ந்து பிறகு விலகினாரா, ஆரம்பத்திலேயே மறுத்தாரா என்பதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. சாட்சி இல்லாததை எழுதி ஒட்டுவது பார்ப்பான் புராணம் எழுதிய முறை. அது நமக்கு வேண்டாம்.

இதனால் ஐ.என்.ஏ. நமக்கு வேண்டாத வரலாறு என்று நான் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். துரைக்கும் கங்காணிக்கும் குனிந்தே பழகியவர்கள் நிமிர்ந்து நின்ற காலம் அது. அதுவும் நம்ம வரலாறுதான். ஆனால் அதில் இருந்தவர்களை மட்டும் வீரர் என்றும், இல்லாதவர்களை வெள்ளைக்காரன் கூலி என்றும் பிரிக்கிறார்களே, அந்தத் தராசு யாருடையது? அதைத்தான் கேட்கிறேன்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தபோது நாடே கொந்தளித்தது. காங்கிரஸ் வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். அதே மாதங்களில் ரபாலிலிருந்தும் நியூ கினியாவிலிருந்தும் மீட்கப்பட்டவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் அவர்களையும் ஐ.என்.ஏ.வினரையும் விசாரித்து ‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ என்று மூன்றாகப் பிரித்தான். வெள்ளையில் விழுந்தவனுக்குச் சம்பள பாக்கி கிடைத்தது. சொந்த நாட்டில் மரியாதை கிடைக்கவில்லை. கறுப்பில் விழுந்தவனுக்கு ஊர்வலம் கிடைத்தது, வேலை போயிற்று. 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் தொடங்கியபோது ஐ.என்.ஏ.வினரையும் சேர்த்தது. சேர்க்க வேண்டியதுதான். ஆனால் சோறின்றி, மருந்தின்றி, அடிபட்டுத் தீவில் மூன்று வருசம் கிடந்தவன் தேசத்துக்கு யார்? அதற்குத் தேசத்திடம் ஒரு சொல்கூட இல்லை.

‘கூலிப்படை’ என்கிறார்களே

இடதுசாரித் தோழர்கள் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார்கள். ஏகாதிபத்தியப் படையில் சம்பளத்துக்குச் சேர்ந்தவன்தானே, அவனை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்பார்கள். இவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்த வேண்டும்.

கும்பினிக் காலத்து மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1818 ஜனவரி 1 கோரேகானில் மகர்கள் நின்றதை எல்லாரும் அறிவோம். அந்தப் படைகளில் கிடைத்த பள்ளிக்கூடமும் சம்பளமும் நம்மில் ஒரு தலைமுறைக்கு எழுத்தைக் கொடுத்தன. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜராக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளையன் ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தான். வடமேற்கிலிருந்து ஆள் எடுப்பது, தெற்கத்தி ஆளையும் தீண்டப்படாதவனையும் கழற்றி விடுவது. 1892இல் மகர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. வருணாசிரமத்துக்கு லண்டனில் அடித்த இன்னொரு பதிப்பு அது. மதராஸ் பயனியர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது. மதராஸ் சாப்பர்ஸ் போன்ற ஒன்றிரண்டு இடங்களில்தான் நம்மவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

உலகப் போர் வந்ததும் போர்க்குணம் திடீரென்று எல்லாருக்கும் வந்துவிட்டது! 1941இல் மகர் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். மதராஸ் மாகாணத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். போர் முடிந்த மறு வருசமே சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். வேண்டும்போது கூப்பிடு, வேலை முடிந்ததும் வெளியே போ. பண்ணையில் கண்ட அதே கதை.

சேரிக்காரன் ஏன் போனான்? பாளையக்காரர் இருந்த ஊர் எங்க ஊர். பாளையம் போனாலும் பண்ணை போகவில்லை. மதுரை ஜில்லாவில் மீனாட்சி கோயிலுக்குள்ளேயே நம்மவர் கால் வைக்க 1939 ஜூலை ஆக வேண்டியிருந்தது. டீக்கடையில் சிரட்டை, தெருவில் நடந்தால் செருப்பு கையில். பட்டாளத்தில் பூட்ஸ் கொடுத்தான். அதைக் காலில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம் என்ற ஆசைக்குப் பெயர் கூலிப்படைத்தனம் என்றால், அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள எங்களுக்கு வெட்கமில்லை.

ஆனால் படைக்குள் போனாலும் சாதி கூடவே போனது. சமையல்காரன், தண்ணீர் சுமப்பவன், துணி வெளுப்பவன், தோட்டி என்று ஒரு பெரிய கூட்டம் ஒவ்வொரு படையோடும் போனது. ‘ஃபாலோயர்’ என்று பேர். சீருடை உண்டு, துப்பாக்கி கிடையாது, சம்பளம் மட்டம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று வரும் பதவிகளுக்கு நடுவில் ‘ஸ்வீப்பர்’ என்றும் ஒரு பதவி வரும். செத்த பிறகும் தோட்டி! அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும்: பதவி தோட்டி என்றிருந்தாலும் அந்தப் பட்டியலில் அவனுக்குப் பேர் இருக்கிறது. நம்ம தேசத்தின் எந்தப் பட்டியலிலும் அதுகூட இல்லை.

கைதி இல்லை என்று வாதாடினார்கள்

தீவுகளில் நடந்தது கொடுமை. 1943இல் சிங்கப்பூரிலிருந்து நியூ கினியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ மூவாயிரம் பேரில், போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர் சிந்த் சிங். அவரோடு மீட்கப்பட்டவர்களில் பலரும் 1945 நவம்பரில் ஒரு விமான விபத்தில் இறந்துபோக, ஆஸ்திரேலியர்கள் நடத்திய போர்க்குற்ற விசாரணையில் அவர் சாட்சி சொன்னார்.

அந்த விசாரணைகளில் ஜப்பானியத் தரப்பு வைத்த ஒரு வாதத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ‘இவர்கள் கைதிகளே இல்லை. எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வந்தவர்கள். அதனால் கைதிக்குரிய சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.’ எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? ‘இவன் அடிமை இல்லீங்க, பரம்பரையா எங்க பண்ணையில இருக்கிறவன்’ என்று நம்ம ஊர் மிராசு சொன்ன அதே குரல். ஒருவனைக் கட்டிப்போட்டு வேலை வாங்கிவிட்டு, அவனாக இஷ்டப்பட்டுச் செய்தான் என்று சொல்வது எல்லா ஆண்டைகளுக்கும் பொதுவான மொழி. ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை, தண்டனை கொடுத்தன.

கைதி என்ற பெயர் எவ்வளவு பெரியது என்பது, அந்தப் பெயரே இல்லாதவனைப் பார்த்தால் புரியும். அப்பத்தாவின் தம்பி ஒருவர் கங்காணியோடு மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்பே போனவர். சப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனதாகத் தகவல் வந்தது. அதோடு சரி.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942, 43இல் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் போட்டு முடித்தான் ஜப்பான்காரன். வேலை செய்த வெள்ளைக் கைதிகள் சுமார் 60,000. செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் சுமார் இரண்டு லட்சம் என்கிறார்கள். செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். வெள்ளைக் கைதிக்குச் ‘சுமார்’ போட்டாலும் பின்னால் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிய புல்லும் பூச்செடியுமாக இருக்கின்றன. தமிழ்க் கூலிக்கு எல்லாமே ‘சுமார்’தான். காலராவில் செத்தவனைக் குழியில் தள்ளி மூடினார்கள். அந்த ஊரில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நட 2023 ஆக வேண்டியிருந்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். இங்கே தமிழ்நாட்டில் அவர்களின் சேரிகளில் யாராவது போய் ஒரு பெயர்ப் பட்டியல் எடுத்தோமா?

நஷ்ட ஈட்டுக் கணக்கும் இப்படித்தான். 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, ஜப்பானிடம் கைதியாயிருந்த நேச நாட்டுப் படையினருக்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் பணம் கொடுக்க வழி செய்தது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. நேருவுக்கு அதற்கு அரசியல் காரணங்கள் இருந்தன. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானோடு தனியாக உடன்படிக்கை செய்து, இழப்பீடு கேட்கும் உரிமை முழுவதையும் இந்தியா விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை என்று இன்றும் பேசுகிறார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை! தீவில் அடிபட்டவனைக் கேட்டார்களா? சயாமில் புருசனைப் பறிகொடுத்தவளைக் கேட்டார்களா? 2000இல் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதியாயிருந்து பிழைத்திருந்த தன் ஆட்களுக்குத் தலைக்குப் பத்தாயிரம் பவுன் கொடுத்தது. பழைய இந்தியப் படைக்காரர்களுக்கு இல்லை என்றது. கூர்க்காக்கள் நீதிமன்றம் போய் 2002இல் வென்றார்கள். நமக்காக வழக்குப் போட ஆள் இல்லை, போட்டிருந்தாலும் காட்டக் காகிதம் இல்லை.

தேடுவது எப்படி?

பேனரில் எழுதுவது எளிது. தேடுவதுதான் வேலை. ஆனால் முடியாத வேலை இல்லை. எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

செத்தவராக இருந்தால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் மட்டும் கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. பல பெயர்களுக்கு அடியில் அப்பா பேரும் மனைவி பேரும் ஊர் பேரும் இருக்கும். ஆனால் பழனி என்று தேடினால் வராது. ‘பல்னி’, ‘மதுரா’ என்று வெள்ளையன் எழுதிய எழுத்தில் தேட வேண்டும். நம்ம தாத்தன்கள் பேரையும் அவன் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பான். நாலு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். இந்த ஆணையமும் யோக்கியமில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேரைப் பெயர் சொல்லி நினைவுகூரவில்லை என்று 2021இல்தான் அதுவே ஒப்புக்கொண்டது. கேட்டவர்கள் இருந்ததால் ஒப்புக்கொண்டது.

உயிரோடு திரும்பியவராக இருந்தால் படை எண் வேண்டும். அது பென்சன் காகிதத்தில், மணியார்டர் துண்டில், பழைய டிரங்குப் பெட்டியின் மூடியில்கூட எழுதியிருக்கும். எண் கிடைத்தால் அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். நான் எழுதிய ஒரு அலுவலகத்திலிருந்து ‘எண் இல்லாமல் தேட இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. சோர்ந்து போக வேண்டியதில்லை. ரபாலில் விடுவிக்கப்பட்ட இந்தியக் கைதிகளின் புகைப்படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. விசாரணைச் சாட்சியங்கள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஐ.என்.ஏ. கோப்புகள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல்கலைக்கழகங்களில் வரலாறு படிக்கிற நம்ம மாணவர்கள் ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். இதோ தலைப்பு.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சேரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். போனவர்களின் பிள்ளைகளே இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிழவிகளிடம் போய் உட்காருங்கள். ‘உங்க தாத்தா தியாகியா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே தப்பு. அவர்கள் பயந்துபோய் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். யார் யார் பட்டாளத்துக்குப் போனாங்க, யார் தோட்டத்துக்குப் போனாங்க, எந்த வருசம், எந்த ஊர்ல சேந்தாங்க, மாசாமாசம் பணம் வந்ததா, எப்ப நின்னது, திரும்பி வந்தப்ப என்ன சொன்னாங்க, என்ன சாப்பிட மறுத்தாங்க, தூக்கத்துல என்ன பேசுனாங்க என்று கேளுங்கள். புரியாத சொல் வந்தால் திருத்தாமல் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ‘ரபோலு’ மாதிரி ஒரு சொல்லுக்குள் ஒரு தீவே இருக்கும். புருசன் திரும்பாத பெண்களைப் பற்றித் தனியாக எழுதுங்கள். தாலியை அறுப்பதா வேண்டாமா என்று தெரியாமலே கூலி வேலை செய்து பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களும் பிடிபட்டவர்கள்தான்.

எங்க தெருப் பையன்களுக்கு என் பதில் இதுதான். நேதாஜி பேரைக் கடன் வாங்கித்தான் நம்ம ஆளுக்கு மரியாதை வர வேண்டும் என்றால், அந்த மரியாதை நேதாஜிக்குத்தான் போகும். ஊர்த்தெருத் தியாகிப் பலகைக்குப் போட்டியாக நாமும் ஒரு பலகை வைத்தால், யார் மனிதன் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அந்தத் தெருவிடமே இருக்கும். பெரிய தாத்தா யாருக்காகவும் தியாகம் செய்யவில்லை. அவரை ஒரு சாம்ராஜ்யம் அனுப்பியது, இன்னொரு சாம்ராஜ்யம் பிடித்தது, மூன்றாவதாக வந்த தேசம் மறந்துபோனது. மூன்றுக்கும் தப்பி உயிரோடு வந்து, மறுபடியும் அதே பண்ணையில் ஏர் பிடித்தார். பேனரில் அவர் பேரைப் போடுங்கள். அதற்குக் கீழே இதை எழுதுங்கள்: ‘பாலங்கட்டும் பட்டாளத்துச் சிப்பாய். சப்பான்காரனிடம் பிடிபட்டவர். ரபால்.’ அவர் பேருக்குப் பக்கத்தில் சயாமில் காணாமல் போன அப்பத்தாவின் தம்பி பேரையும் போடுங்கள். இரண்டு பேருக்கும் எழுத்து ஒரே அளவில் இருக்கட்டும்.

அரசாங்கமும் வரலாற்று ஆசிரியர்களும் கைதி, கூலி, வீரன், துரோகி என்று பிரித்துக்கொண்டிருக்கட்டும். நாம் எண்ணத் தொடங்குவோம். பாலசமுத்திரத்தில் இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். உங்க ஊரில் எத்தனை பேர்?